கற்கை விடுமுறைக்கு விண்ணப்பித்து ஐந்து மாதங்களை இழந்த கதை

பெப்ரவரி 15ஆம் திகதிக்குள் வந்து பதிவுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையுடன், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கலாநிதிப் பட்ட ஆய்வுக்கான அனுமதிக் கடிதம் எனக்குக் கிடைத்தபோது ஓகஸ்ட் மாதத்தின் நடுப்பகுதி. நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. அம்மா அன்று மாலையே கோயிலுக்குப் போய், ஒரு ரூபா அருச்சனைச் சீட்டு எடுத்து, என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அருச்சனை செய்துவிட்டு வந்தார். ஆறு மாதம் கையில் இருக்கிறதே என்று நானும் நிம்மதியாக இருந்தேன். அந்த ஆறு மாதமும் எங்கே போயின என்பதையும், அதன் பின்னர் 232,000 ரூபாவும் ஐந்து மாதங்களும் கையைவிட்டுப் போனது எப்படி என்பதையும் எழுதிவைக்க நினைக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் இன்று நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் தகுதிகாண் விரிவுரையாளர்களாக இருக்கிறார்கள். எனக்கு ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் செய்திருக்கமாட்டாத பிழைகளை அவர்களாவது செய்யாமல் இருக்கலாம். நான் பணியாற்றுவது யாழ்ப்பாணத்துக்கு வெளியேயுள்ள ஓர் அரச பல்கலைக்கழகம். வார நாள்களில் அங்கே அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் கொக்குவிலுக்கு வந்துவிடுவேன். பெயரைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம், நடந்தவற்றில் பெரும்பங்கு என்னுடைய அறியாமையே என்பதுதான்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகளாகியும், பீடச் சபை, மூதவை, பேரவை என்ற மூன்று சொற்களுக்கும் இடையில் என்ன வேறுபாடு என்று எவராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பீடச் சபைக் கூட்டம் என்பது தெரியும். அங்கே தேநீரும் மீன் றோல்ஸும் தருவார்கள் என்பதும் தெரியும். தேநீர் முடிந்ததும், விடைத்தாள் திருத்த வேண்டும் என்று ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போகும் இளம் விரிவுரையாளர்களில் நானும் ஒருத்தி. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பின்னால் நடந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

கற்கை விடுமுறைக்கு, அதாவது மேற்படிப்புக்காகச் சம்பளத்துடன் பெறும் விடுமுறைக்கு, எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டபோது, வேறொரு பீடத்துச் சிநேகிதி ‘பெரிய விசயமெல்லாம் செனற்றுக்குத்தான் போகும், அங்க போடு’ என்றாள். செனற் என்றால் மூதவை. செப்டெம்பர் கடைசியில் மூதவையின் செயலாளருக்கென்று முகவரியிட்டு ஓர் அழகான கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, ‘துறைத் தலைவர், பீடாதிபதி ஊடாக அனுப்புக’ என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் அது திரும்பி வந்தது. அதற்குள் ஒக்டோபர் மாதப் பீடச் சபை முடிந்திருந்தது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் விடயம் இடம்பெற வேண்டுமானால், கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே பீட அலுவலகத்தில் கடிதம் இருக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் கேள்விப்பட்டேன். இந்தப் பத்து நாள் எங்கள் பீடத்தின் வழக்கம். உங்கள் இடத்தில் ஏழாகவும் இருக்கலாம், பதினான்காகவும் இருக்கலாம். கூட்டத் திகதியைக் கேட்பதுடன் நின்றுவிடாமல், நிரல் மூடப்படும் திகதியையும் உதவிப் பதிவாளரின் அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பிழையான கதவைத் தட்டியதில் இழந்தது ஒரு மாதம்.

நவம்பர் கூட்டத்தின் நிரலில் மொத்தம் இருபத்துமூன்று விடயங்கள். என்னுடையது பதினேழாவது. பாடத்திட்ட மாற்றம் ஒன்றைப் பற்றிய வாதத்திலேயே ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது. தேநீருக்குப் பிறகு வழமைபோல் ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். பதினைந்தாவது விடயத்தில் ஒருவர் கையை உயர்த்தி, கூட்ட நடப்பெண், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இருக்கிறதா என்று கேட்டார். உதவிப் பதிவாளர் பேனாவின் முனையால் ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணினார். இரண்டு பேர் குறைவு. பீடாதிபதி நிரலை மூடிவிட்டு, மீதி டிசம்பருக்கு என்றார். நான் அன்று கடைசிவரை இருந்தேன், என்னுடைய விடயம் இருந்தபடியால். அதற்கு முந்திய மாதங்களில் நான் எழுந்து போன நாள்களில் எவருடைய விடயங்கள் இப்படித் தள்ளிப்போயினவோ, அதை நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

டிசம்பரில் பீடச் சபை என் விண்ணப்பத்தை ஒரு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது சக விரிவுரையாளர்கள் கைகுலுக்கி வாழ்த்தினார்கள். அனுமதி கிடைத்துவிட்டது என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அந்த வார இறுதியிலேயே பெப்ரவரி 3ஆம் திகதிக்கு விமானச் சீட்டு எடுத்தேன். தங்குமிடத்துக்கு முற்பணமும் கட்டினேன். இந்த அனுபவத்தில் நான் செய்த மிகப் பெரிய பிழை இதுதான். நான் பெற்றது பரிந்துரை மட்டுமே என்பதை எனக்கு விளக்கியவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும், பல்கலைக்கழக நிருவாகத்தில் நெடுங்காலம் வேலை செய்து உதவிப் பதிவாளராக ஓய்வுபெற்ற மாமா. மார்கழி விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது, சந்தோசச் செய்தி சொல்லலாம் என்று அவரிடம் போனேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘பிள்ளை, உம்மட கடிதம் இப்ப ஆற்ற மேசையில கிடக்குது எண்டு உமக்குத் தெரியுமோ?’ என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ‘பீடச் சபை உமக்கு லீவு தரேலாது. குடுக்கலாம் எண்டு சொல்லத்தான் அவைக்கு ஏலும்’ என்றார்.

அவர் உள்ளே போய், முதுகு பிரிந்து நூலால் தைத்திருந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்துவந்தார். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம். யாழ்ப்பாணத்தில் வயதானவர்கள் பல்கலைக்கழகத்தை இன்றும் கம்பஸ் என்றுதான் சொல்வார்கள். 1974இல் அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத்தான் தொடங்கியது. இந்தச் சட்டத்தின் கீழ் 1979 ஜனவரி முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. அந்த மாற்ற காலத்தில் இளம் எழுதுவினைஞராக வேலைக்குச் சேர்ந்த மாமாவுக்குச் சட்டத்தின் பிரிவுகள் மனப்பாடம். 44ஆம் பிரிவு பேரவை, 46 மூதவை, 48 பீடச் சபை என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அன்று பின்னேரம் இரண்டு மணித்தியாலத்தில் நான் கற்றதை என் சொற்களில் தருகிறேன்.

பீடச் சபைக்குப் பீடாதிபதி தலைவர். அவரைத் தெரிவுசெய்வதும் அந்தச் சபைதான். பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். பீடத்தின் துறைகளிலுள்ள பேராசிரியர்கள் முதல் விரிவுரையாளர்கள் வரையான நிரந்தர ஆசிரியர்கள் அதன் உறுப்பினர்கள். இவர்களுடன், பீடத்து மாணவர்கள் தமக்குள் தெரிவுசெய்யும் இரண்டு மாணவர்களும், பல்கலைக்கழகப் பணியாளர் அல்லாத, அத்துறைகளில் பெயர்பெற்ற மூன்று வெளியாரும் இருப்பார்கள். மூன்று ஆண்டுகளாகப் பின்வரிசையில் வெள்ளை வேட்டியுடன் அமர்ந்திருந்த ஒரு பெரியவரை யாருடைய விருந்தாளியோ என்று நான் நினைத்திருந்தேன். அவர் அந்த மூவரில் ஒருவர் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

மூதவையே பல்கலைக்கழகத்தின் கல்வி அதிகார சபை. துணைவேந்தர் தலைமை வகிப்பார். பீடாதிபதிகள், துறைத் தலைவர்கள், பேராசிரியர்கள், நூலகர் ஆகியோர் பதவிவழியாக இருப்பார்கள்; ஒவ்வொரு பீடத்திலிருந்தும் தெரிவுசெய்யப்படும் ஆசிரியர்கள் இருவர் அவர்களுடன் சேர்வார்கள். பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் வழங்கல் என்பவை இங்கேதான் முடிவாகும். பேரவை வேறு. அது நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஆளுகைச் சபை. துணைவேந்தரும் பீடாதிபதிகளும் மூதவை தெரிந்து அனுப்பும் இருவரும் அங்கே இருந்தாலும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளி உறுப்பினர்களே எண்ணிக்கையில் அதிகம். ஆளணி, நியமனம், சம்பளம், விடுமுறை, கட்டடம், பணம் எல்லாம் பேரவையின் பொறுப்பு. பதிவாளர் இரண்டு சபைகளுக்கும் செயலாளர் என்பதனால்தான் என்னைப் போன்றவர்கள் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறோம். மாமா இதைச் சுருக்கமாக, ‘படிப்பெண்டால் மூதவை, ஆளும் காசுமெண்டால் பேரவை’ என்றார். கடிதம் எழுதுமுன் உங்கள் விடயம் இரண்டில் எதைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது படிப்பைப் பற்றியதுதானே என்று நான் நினைத்தேன். ஆனால் சம்பளத்துடன் ஓர் ஊழியரை வெளியே அனுப்புவது ஆளும் காசும் சம்பந்தப்பட்ட விடயம்.

இவற்றுக்கு இடையில், சட்டப் புத்தகத்தில் தேடினாலும் எளிதில் அகப்படாத குழுக்கள் இருக்கின்றன. பேரவைக்கு ஒரு நிதிக் குழு, ஒரு கணக்காய்வுக் குழு, விடுமுறைகளைப் பரிசீலிக்கும் ஒரு குழு. மூதவைக்குப் பாடத்திட்டக் குழு, உயர்பட்டக் குழு, நூலகக் குழு. உண்மையான வாசிப்பு நடப்பது இக்குழுக்களில்தான். பேரவையில் நூறு விடயங்கள் வந்தால், குழு பரிந்துரைத்தவை பெரும்பாலும் பேச்சின்றி நிறைவேறும். என்னுடைய கோப்பை விடுமுறைக் குழு ஜனவரியில்தான் முதன்முதலாகத் திறந்து பார்த்தது. இரண்டு தாள்கள் இல்லை என்று எழுதித் திருப்பியது. ஒன்று, நான் இல்லாத காலத்தில் என் விரிவுரைகளை யார் எடுப்பார்கள் என்பதற்குத் துறைத் தலைவரின் ஒப்பமிட்ட ஒழுங்கு. மற்றது பிணைமுறிக்குரிய இரண்டு பிணையாளர்களின் விபரம். விமானச் சீட்டின் திகதிக்கு அப்போது இருபத்திரண்டு நாள் இருந்தன.

பிணையாளர் தேடிய அந்த இரண்டு வாரங்களை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. சம்பளத்துடன் விடுமுறை பெற்றுப் போகிறவர் படிப்பு முடிந்து திரும்பிவந்து குறித்த காலம் சேவை செய்ய வேண்டும். வராவிட்டால் பணத்தைப் பிணையாளர்கள் கட்ட வேண்டும். பல்கலைக்கழகங்களிலிருந்து போனவர்கள் பலர் திரும்பாத கதைகள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோப்பாயில் இருக்கும் பெரியப்பா, பாடசாலை ஆசிரியர், படிவத்தை மூன்றுமுறை வாசித்துவிட்டு, ‘நீ அங்க நிண்டிட்டாய் எண்டால் என்ர வளவோ பிள்ளை போகும்?’ என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பேனாவை எடுக்க அவருக்கு மூன்று நாள் சென்றது. சுன்னாகத்து மாமி முதலில் ஓம் என்றுவிட்டு, மகன் வேண்டாம் என்கிறார் என்று பின்வாங்கினார். அவர்மேல் எனக்கு அன்று வந்த கோபம் நியாயமற்றது. அப்படி ஒரு பாரத்தை ஒருவரிடம் ஏற்றும்போது யோசிக்க அவகாசம் கொடுக்க வேண்டும். நான் கிராம அலுவலரின் சான்றிதழுடன் நாளைக்கே வேண்டும் என்று போய் நின்றேன். அனுமதிக் கடிதம் வந்த மாதத்திலேயே பிணையாளர்களிடம் பேசிவிடுங்கள், பீடச் சபைக்கு முன்னரே.

பெப்ரவரி முதல் வாரத்தில் குழு பரிந்துரைத்தது. பேரவை கூடியது மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. விடுமுறை கிடைத்தது. பதிவுக்கான திகதி பத்து நாளுக்கு முன்பே கடந்துவிட்டிருந்தது. விமானச் சீட்டை ரத்துச் செய்ததில் 74,000 ரூபாவும், தங்குமிட முற்பணத்தில் 118,000 ரூபாவும், கோப்பின் பின்னால் அலைந்த மேலதிகப் பயணங்களில் 40,000 ரூபாவும் போயின. பணத்தைவிட வலித்தது வேறு. அங்கே என்னை ஏற்றுக்கொண்டிருந்த பேராசிரியர் யூலை மாதத் தொடக்கத்துக்கு என் இடத்தை மாற்றித் தந்தார், ஆனால் நான் இரண்டு ஆண்டுகளாகக் கனவு கண்ட ஆய்வுத் திட்டத்தை வேறொரு மாணவருக்குக் கொடுத்துவிட்டார். அவரைக் குறைசொல்ல ஏதுமில்லை. அன்றிரவு கொக்குவிலுக்கு வரும் பேருந்தில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லோரும் இறங்கித் தேங்காய் உடைக்கப் போனபோது நான் இருக்கையிலேயே இருந்து அழுதேன்.

பேரவை கூடும்வரை காத்திராமல் ஒரு வழி இருந்தது என்பதை மாமா பிறகுதான் சொன்னார். அவசரமும் ஆவணமும் இருந்தால், துணைவேந்தர் அனுமதித்துவிட்டுப் பேரவையில் பின்னேற்புப் பெறலாம். அலுவலகங்களில் இதைக் கவறிங் அப்புறூவல் என்பார்கள். பீடாதிபதியின் பரிந்துரையுடன் ஒரு பக்கக் கடிதம் போதும், ஆனால் கோப்பு முழுமையாக இருக்க வேண்டும். அரைகுறைக் கோப்பில் எந்தத் துணைவேந்தரும் ஒப்பமிடமாட்டார். இன்னொன்று, கூட்ட அறிக்கை அடுத்த மாதக் கூட்டத்தில் உறுதிசெய்யப்பட்ட பிறகுதான் பிரதி வெளியே போகும் என்பது பல இடங்களில் வழக்கம். அவசர விடயமென்றால், அந்த ஒரு தீர்மானத்தை அதே கூட்டத்தில் உறுதிசெய்து தருமாறு பீடாதிபதியிடம் முன்னரே கேட்கலாம். நான் கேட்டிருந்தால், டிசம்பர்க் குழுவுக்கே கோப்பு போயிருக்கும்.

எஞ்சிய ஐந்து மாதத்தில் பீடாதிபதி என்னைப் பீடப் பாடத்திட்டக் குழுவுக்குச் செயலாளராக்கினார். ஆறுதலுக்காகவா, ஆள் கிடைக்காததாலா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சந்தேகமில்லாமல் இரண்டாவது காரணமும் இருந்தது. குழு வேலைகள் இளையவர்களின் தலையில், அதிலும் பெண்களின் தலையில், எளிதாக விழுகின்றன. ஒன்றை ஏற்றுக்கொண்டால் நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்கிக் கோப்பில் இடுங்கள், பிற்காலத்தில் பதவியுயர்வு விண்ணப்பத்தில் நிறுவனத்துக்கான பங்களிப்பு என்ற பகுதிக்கு அந்தக் கடிதம்தான் சான்று. எந்தக் குழுவிலும் நீங்கள் தெரிவால் இருக்கிறீர்களா, பதவிவழியாகவா, அழைப்பிலா என்று கேளுங்கள். அழைப்பில் வந்தவருக்கு வாக்கு இல்லை. அதைத் தெரியாமல் ஒரு கூட்டத்தில் நான் கையுயர்த்தி, எல்லோரும் திரும்பிப் பார்க்க, மெதுவாக இறக்கினேன்.

ஆயினும் அந்தக் குழுவில்தான் இச்சபைகள் எதற்காக இருக்கின்றன என்று கண்டேன். சிறப்புப் பட்டப் பாடத்திட்டம் ஒன்று திருத்தத்துக்கு வந்தது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி சிறப்பு இளமாணிப் பட்டம் ஆறாம் மட்டம்; 120 திறமைப் புள்ளிகள் வேண்டும், ஒரு புள்ளிக்கு 50 கற்றல் மணித்தியாலம். தாளில் எல்லாம் சரியாகக் கூட்டுப்பட்டிருந்தது. நாங்கள் ஐந்து பேர் வாசித்துக் கையெழுத்திட்டு அனுப்பினோம். பீடச் சபையில் மாணவப் பிரதிநிதியான பிள்ளை ஒருத்தி எழுந்து, மூன்றாம் ஆண்டு இரண்டாம் அரையாண்டில் களப்பயிற்சியும் ஆய்வு முன்மொழிவும் ஒரே வாரங்களில் வருகின்றன, களத்துக்குப் போனவர்கள் நூலகத்துக்கு எப்படி வருவது என்று கேட்டாள். ஒருவரிடமும் பதில் இல்லை. வேட்டி கட்டிய பெரியவர் அப்போது முதன்முறையாக வாய் திறந்து, களப்பயிற்சிக்குப் பிள்ளைகளை ஏற்கும் அலுவலகங்கள் ஆண்டின் அந்த மாதத்தில் கணக்கு முடிக்கும் வேலையில் இருக்கும், யாரும் சொல்லிக்கொடுக்கமாட்டார்கள் என்றார். பாடத்திட்டம் குழுவுக்குத் திரும்பியது. எனக்கு இரண்டு வார வேலை கூடியது. எரிச்சலாகவும் இருந்தது, ஆனால் அந்தத் தாள் அப்படியே மூதவைக்குப் போயிருந்தால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகுதி பிள்ளைகள் அதில் இடறியிருப்பார்கள்.

யூன் மாதப் பீடச் சபைதான் புறப்படுமுன் எனக்குக் கடைசிக் கூட்டம். இருபத்தாறு விடயங்கள். நான்கு மணிக்குத் தேநீர் வந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்து சேர்ந்த தம்பி ஒருவரின் கற்கை விடுமுறை இருபத்திரண்டாவது இடத்தில் இருந்தது. அவர் நிரலை மடித்தும் விரித்தும் கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் பையை எடுத்தபோது, இன்னும் அரை மணித்தியாலம் இருங்கள் என்று அவர்களுடைய காதில் சொன்னேன். ஒருவர் இருந்தார், மற்றவர் போய்விட்டார். உதவிப் பதிவாளர் ஒருமுறை தலைகளை எண்ணினார், ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அந்த விடயம் வந்தது. பிணையாளர் விபரம் இணைப்பில் இருக்கிறதா என்று பீடாதிபதி கேட்க, இருக்கிறது என்றார் தம்பி. தீர்மானத்தை இக்கூட்டத்திலேயே உறுதிசெய்யுமாறு கேட்கச் சொல்லி நான் அவருடைய நிரலின் ஓரத்தில் எழுதி அவர் பக்கம் தள்ளினேன். அவர் எழுந்து கேட்டார்.